நியூயார்க்கின் கரண்டியும் கொங்கு நாட்டுப் பேக்கரி டீயும்

2025 ஜூலையில், சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் சிகரெட் பெட்டியில் இருப்பதைப் போன்ற எச்சரிக்கை வரப்போகிறது என்றொரு செய்தி பரவியபோது, ஈரோட்டிலும் கோவையிலும் பேக்கரி வாசல்களில் அதைப் பற்றிப் பேசாதவர்கள் குறைவு. ஓரிரு நாட்களில் மத்திய அரசு அதை மறுத்தது. அலுவலகங்களில் எண்ணெய், சர்க்கரை ஆகியவற்றின் அளவைக் காட்டும் பலகைகளை வைக்குமாறு சுகாதார அமைச்சகம் கேட்டுக்கொண்டிருந்ததே தவிர, எந்தக் கடைக்காரரும் எந்தப் பண்டத்தின் மீதும் எதையும் ஒட்ட வேண்டியதில்லை என்பது தெளிவானது. அதற்கு முன்பே, அந்த ஆண்டு மே மாதத்தில், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளில் சர்க்கரைப் பலகை வைக்கச் சொல்லியிருந்தது. செய்தி அத்துடன் அடங்கிவிட்டது. ஆனால் அது கிளப்பிய கேள்வி நல்ல கேள்வி என்பதால் அதை நான் விடவில்லை. உணவகத்தின் மெனு அட்டையிலேயே ‘இதில் சர்க்கரை மிகுதி’ என்று எழுதியிருந்தால், சாப்பிட வந்தவர் வேறொன்றைக் கேட்பாரா?

எனக்கு இதில் இருவகையான அக்கறை உண்டு. கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள சில உணவகங்களுக்கும் பேக்கரிகளுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில். ஆகவே, ஒரு கடை மாதத்துக்கு எத்தனை மூட்டை சர்க்கரை வாங்குகிறது என்பது கடைக்காரருக்கு அடுத்தபடியாக எனக்குத் தெரியும். இன்னொன்று, கவுந்தப்பாடிப் பக்கம் இன்றும் கரும்பு வெட்டி, ஆலையில் ஆட்டி, கொப்பரையில் காய்ச்சி நாட்டுச் சர்க்கரை எடுக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர்களுள் நானும் ஒருவர். சர்க்கரைக்கு எச்சரிக்கை என்றால், அது ஏதோ ஒரு வகையில் எங்கள் வீட்டுக் கொப்பரையையும் தொடும்.

முதலில், மெனு அட்டையில் சர்க்கரை எச்சரிக்கை என்பது வெறும் யோசனையாக இல்லாமல் சட்டமாகவே வந்துவிட்ட ஊரைப் பார்ப்போம். நியூயார்க் நகரம் 2015-இல் உப்புக்கு இப்படியொரு விதியை இயற்றியது. 2,300 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உள்ள பண்டத்தின் பெயருக்கு அருகில் உப்புக் குப்பியின் படம் இருக்க வேண்டும் என்பது அந்த விதி. அதே வழியில் 2023-இல் சர்க்கரைக்கும் சட்டம் வந்தது. 15 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகளைக் கொண்ட சங்கிலி உணவகங்கள், ஒரு பண்டத்தில் 50 கிராமுக்கு மேல் சேர்ப்புச் சர்க்கரை இருந்தால், சர்க்கரை குவிந்த கரண்டியின் படத்தை அதன் அருகில் அச்சிட வேண்டும் என்று அது சொல்கிறது. இந்த 50 கிராம் என்ற எல்லை எங்கிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி என்று கொண்டால், அதில் பத்தில் ஒரு பங்கு 200 கிலோகலோரி. அதைச் சர்க்கரையாக மாற்றினால் 50 கிராம். அதாவது, ஒரு நாள் முழுவதற்குமான உச்ச அளவை ஒரே கோப்பையில் தாண்டும் பண்டத்துக்குத்தான் அந்தக் கரண்டி. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதே பத்து விழுக்காட்டை வரம்பாகச் சொல்லிவிட்டு, முடிந்தால் ஐந்து விழுக்காடாக, அதாவது 25 கிராமாக, குறைப்பது இன்னும் நல்லது என்றும் சேர்த்துச் சொல்கிறது.

இவை மக்களின் தேர்வை மாற்றுகின்றனவா என்று கேட்டால், சர்க்கரை எச்சரிக்கை மெனு அட்டைக்குப் புதிது என்பதால், அதன் மூத்த உறவான கலோரிக் குறிப்பை வைத்தே முதலில் எடைபோட வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகளைக் கொண்ட சங்கிலிகள் 2018 மே மாதம் முதல் மெனுவில் கலோரியைக் காட்டியாக வேண்டும். இங்கிலாந்தில் பெரிய உணவகங்களுக்கு 2022 ஏப்ரலில் இந்த விதி வந்தது. இத்தகைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு, 2018-இல் 600 கிலோகலோரி உணவில் 47 கிலோகலோரி குறையக்கூடும் என்று தயக்கத்துடன் சொன்னது. 2025-இல், 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, குறைவது ஏறக்குறைய 11 கிலோகலோரி என்று அது தன் கணிப்பைத் திருத்திக்கொண்டது. பதினோரு கிலோகலோரி என்பது முக்கால் தேக்கரண்டிச் சர்க்கரைக்குக்கூட எட்டாத அளவு. ஒரு வேளைக்கு அவ்வளவுதான் என்றாலும் கோடிக்கணக்கானோர் பல வேளை சாப்பிடுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மெனு அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் ஊரே திருந்திவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த எண்ணைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எண்ணைக் காட்டுவதும் எச்சரிப்பதும் ஒன்றல்ல என்பது உண்மைதான். 480 என்று எழுதியிருந்தால், அது அதிகமா குறைவா என்று படிப்பவரே கணக்குப் போட வேண்டும். கரண்டிப் படம் அந்த வேலையை வைக்காமல் தன் தீர்ப்பைத் தானே சொல்லிவிடுகிறது. சிலி நாடு 2016-இல் பொட்டலங்களின் முகப்பில் ‘சர்க்கரை மிகுதி’ என்ற கறுப்பு எண்கோண முத்திரையைக் கட்டாயமாக்கிய பின், அங்கே சர்க்கரைப் பானங்களை வாங்குவது ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. ஆனால் அங்கே முத்திரை தனியாக வரவில்லை. குழந்தைகளைக் குறிவைத்த விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடும், முத்திரை பெற்ற பண்டங்களைப் பள்ளிகளில் விற்கத் தடையும் கூடவே வந்தன. மேலும், அது கடையில் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் நேரத்துக்கான முத்திரை. உணவகத்தில் பசியோடு, குடும்பத்தோடு, எதிரே பரிமாறுபவர் நின்றுகொண்டிருக்க, அட்டையைப் படிக்கும் நேரம் வேறு.

அதிலும் எங்கள் பக்கத்தில் அட்டையைப் படிப்பவர்கள் எத்தனை பேர்? அவிநாசி சாலையில் உள்ள குளிரூட்டிய உணவகத்தில் மெனு அட்டை உண்டு. கடைசிப் பக்கத்தில் ஃபலூடாவும் குல்ஃபியும் படத்தோடு இருக்கும். ஆனால் கொங்கு நாட்டார் வயிற்றுக்குள் போகும் சர்க்கரையில் பெரும்பகுதி அந்தக் கடைசிப் பக்கம் வழியாகப் போவதில்லை. அது பேக்கரி வழியாகப் போகிறது. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம்: கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் பேக்கரி என்றால் அது முதலில் டீக்கடை, பிறகுதான் ரொட்டி சுடும் இடம். தேங்காய் பன்னும் ஹனி கேக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க, வெளியே நின்றபடி டீ குடிப்பவர்களால்தான் கடை ஓடுகிறது. அங்கே மெனு என்பது சுவரில் தொங்கும் விலைப்பட்டியல் மட்டுமே. அதையும் விலை ஏறிய அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். கேட்பதெல்லாம் வாயால்தான்: “ரெண்டு டீ, ஒண்ணு ஸ்ட்ராங்கா, ஒண்ணு சக்கரை கம்மியா.” எதுவும் சொல்லாவிட்டால், மாஸ்டரின் கை எவ்வளவு அள்ளுகிறதோ அவ்வளவு.

அந்தக் கை எவ்வளவு அள்ளுகிறது என்பதை நான் கணக்குப் புத்தகம் வழியாகவே தெரிந்துகொள்ள முயன்றேன். நான் கணக்கு எழுதும் பேக்கரி ஒன்றின் உரிமையாளரிடம், “ஒரு கிலோ சக்கரைக்கு எத்தனை டீ வருமுங்ணா?” என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “நூறு கிளாஸ் வரோணுமுங்க. மாஸ்டர் கை தாராளமா இருந்தா எம்பதுலயே முடிஞ்சு போயிருமுங்க” என்றார். நூறு கிளாஸ் என்றால் கிளாசுக்கு 10 கிராம். எண்பது என்றால் 12.5 கிராம். தட்டையாக அள்ளிய தேக்கரண்டியில் ஏறக்குறைய 4 கிராம் சர்க்கரை இருக்கும் என்பதால், இது இரண்டரை முதல் மூன்று கரண்டி வரை ஆகிறது. கிளாசோ ஏறக்குறைய 100 மில்லிதான்.

இந்த ஒரே கிளாசை இரண்டு ஊர்ச் சட்டங்களின் முன் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். நியூயார்க் விதியின்படி இந்த டீக்குக் கரண்டிப் படம் கிடையாது. 50 கிராமுக்கு அது எங்கோ கீழே நிற்கிறது. அங்கே அந்த எல்லை பொருத்தமானதுதான், ஏனென்றால் அரை லிட்டர் கோலா குடித்தாலே 50 கிராமைத் தாண்டிவிடும், அங்கே அரை லிட்டர் என்பது அதிசயமான அளவும் அல்ல. சிங்கப்பூரில் நடப்பது வேறு. நியூட்ரி-கிரேடு என்ற அந்நாட்டு முறை, பானத்தின் சர்க்கரையை 100 மில்லிக்கு இவ்வளவு என்று அளந்து, ஏ முதல் டி வரை தரம் பிரிக்கிறது. 5 கிராமைத் தாண்டினால் சி, 10 கிராமைத் தாண்டினால் டி. புட்டியில் அடைத்த பானங்களுக்கு 2022 டிசம்பர் இறுதியிலும், கடையில் உடனுக்குடன் கலக்கும் பானங்களுக்கு 2023 டிசம்பர் இறுதியிலும் இது நடைமுறைக்கு வந்தது. அந்த அளவுகோலில் எங்கள் பேக்கரி டீ, மாஸ்டர் நிதானமாக இருக்கும் நாளில் சி, தாராளமாக இருக்கும் நாளில் டி. ஒரே கிளாஸ், ஓர் ஊரில் குற்றமற்றது, இன்னோர் ஊரில் கடைசித் தரம்.

எது சரி என்றால், எங்கள் குடிமுறைக்குச் சிங்கப்பூர் அளவுகோல்தான் பொருந்தும் என்பேன். இங்கே யாரும் ஒரே வாளியில் குடிப்பதில்லை. சிறுகச் சிறுக, நாள் முழுவதும் குடிக்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்பவர் காலையில் வீட்டில் ஒன்று, வேலைக்கு நுழையும் முன் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று, வேலை முடிந்து நண்பர்களோடு ஒன்று என்று ஐந்து டீ குடித்தால், கிளாசுக்கு 10 கிராம் வீதம் சரியாக 50 கிராம் ஆகிவிட்டது. பன்னையும் வர்க்கியையும் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. நியூயார்க்கின் கரண்டி அவரை ஒரு முறைகூட எச்சரித்திருக்காது. பண்டம் ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்தி விசாரிக்கும் எந்த முத்திரையும், பழக்கத்தின் கூட்டுத்தொகையைத் தப்ப விட்டுவிடும்.

சிங்கப்பூரிலிருந்து கற்க இன்னொன்றும் உண்டு, எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. அங்கே புட்டியில் அடைத்த பானங்களின் இடைநிலைச் சர்க்கரை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் அளவு) 2017-இல் 7.1 விழுக்காடாக இருந்தது, 2023-இல் 4.6 விழுக்காடாக இறங்கியது. இதில் ஒரு பகுதி, குடிப்பவர்கள் முத்திரையைப் பார்த்து மாறியதால் வந்திருக்கலாம். ஆனால் பெரும்பகுதி, டி என்ற எழுத்தைத் தன் புட்டியில் தாங்க விரும்பாத நிறுவனங்கள் செய்முறையையே மாற்றியதால் வந்தது. விதி நடைமுறைக்கு வரும் முன்பே அவை மாற்றத் தொடங்கிவிட்டன. பிரிட்டனில் 2018 ஏப்ரலில் குளிர்பானச் சர்க்கரைக்குத் தீர்வை வந்தபோதும் இதுவே நடந்தது. 100 மில்லிக்கு 5 கிராம் என்ற கோட்டுக்குக் கீழே இறங்கிக்கொள்ள நிறுவனங்கள் முந்திக்கொண்டன. வாங்குபவர் அட்டையைப் படிக்காவிட்டாலும், விற்பவர் அதைப் படித்தே தீர வேண்டும் என்பதில்தான் முத்திரையின் வலிமை இருக்கிறது. சமையலறையில் இதுவரை யாரும் அளக்காத ஒன்றை அது அளக்க வைக்கிறது. நான் பார்த்த உணவகங்களில் பன்னீருக்கு எடை உண்டு, முந்திரிக்கு எண்ணிக்கை உண்டு; சர்க்கரைக்கு மட்டும் ‘கைப்பதம்’.

இனி, எங்கள் வட்டாரத்துக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். சில ஆண்டுகளாகக் கோவைச் சாலைகளில் ஒரு பலகை பெருகிவருகிறது: ‘இங்கு நாட்டுச் சர்க்கரை டீ கிடைக்கும்.’ கருப்பட்டிக் காபிக்கும் இப்படிப் பலகைகள் உண்டு. இவையும் ஒருவகையில் மெனு அட்டையில் சர்க்கரை பற்றிய அறிவிப்புகளே. எச்சரிப்பதற்குப் பதிலாக இவை அபயம் தருகின்றன. அஸ்கா என்ற வெள்ளைச் சர்க்கரைக்குப் பயந்து விலகியிருந்தவர், இந்தப் பலகையைப் பார்த்ததும் தைரியமாக இரண்டாவது கிளாஸ் கேட்கிறார். இனிப்பு சற்று மட்டாக இருப்பதால் மாஸ்டரும் ஒரு கரண்டி கூட்டித்தான் போடுகிறார். நாட்டுச் சர்க்கரையில் சிறிது இரும்பும் பிற தாதுக்களும் இருப்பது உண்மை. ஆனால் அதன் பெரும்பகுதி அதே சுக்ரோஸ், கிராமுக்குக் கிடைக்கும் கலோரியும் ஏறக்குறைய அதேதான். உலக சுகாதார நிறுவனத்தின் 25 கிராம், 50 கிராம் கணக்கில் வெல்லத்துக்கும் தேனுக்கும் எந்தச் சலுகையும் கிடையாது.

இதைச் சொல்லும்போது ஊரில் எனக்கு நல்ல பெயர் கிடைப்பதில்லை. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வரும் நாட்டுச் சர்க்கரைதான் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிறது. அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கோவையிலோ 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் இருக்கிறது. விஞ்ஞானிகளான பார்பரும் வெங்கடராமனும் அங்கே கரும்பைக் காட்டு நாணலினத்தோடு கலந்து, வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்கும் கோ 205 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். ‘கோ’ என்ற அந்த எழுத்து கோவையைக் குறித்தபடியே இன்றும் கரும்பு ரகங்களின் பெயரில் தொடர்கிறது. உலகின் பல நாட்டுக் கரும்புக்கு எங்கள் ஊர் தாய்வீடு என்று பெருமைப்படுபவர்களிடம், அதன் சாற்றுக்கு எச்சரிக்கை போட வேண்டும் என்றால் முகம் சுருங்கத்தான் செய்யும். என் பெரியப்பா கேட்டது இன்னும் நேரடியானது: “ஏங்கண்ணு, நாம காச்சறதுக்கே நாமளே விசம்னு எழுதோணுமா?” விஷம் என்று யாரும் எழுதச் சொல்லவில்லை, அளவை எழுதச் சொல்கிறார்கள். அளவு எழுதினால், நாட்டுச் சர்க்கரை டீயும் அஸ்கா டீயும் ஒரே எண்ணைத்தான் காட்டும், பெரியப்பாவுக்கு உறுத்தியதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

பழச்சாற்றுக் கடையிலும் இதே வகையான ஓட்டை உண்டு. நியூயார்க் சட்டம் பேசுவது சேர்ப்புச் சர்க்கரையைப் பற்றி; பழத்திலேயே இருந்து பிழிந்து வந்தது அதில் சேராது. உலக சுகாதார நிறுவனமோ, பழத்தைக் கடித்துச் சாப்பிட்டால் விட்டுவிடுகிறது, பிழிந்து சாறாக்கினால் கணக்கில் சேர்த்துவிடுகிறது. நம் கடைகளில் சாத்துக்குடிச் சாற்றிலும் மாதுளைச் சாற்றிலும் பழத்தின் சர்க்கரைக்கு மேல் ஒரு கரண்டி சர்க்கரைப் பாகும் விழுகிறது என்பதால், எந்த வரையறையை எடுத்தாலும் அது தப்பாது. ‘சக்கரை போடாமக் குடுங்க’ என்று கேட்டு வாங்கும் சாறுதான் ஒரு வரையறையில் தூயதாகவும் மற்றதில் சந்தேகத்துக்குரியதாகவும் நிற்கிறது. இங்கே விதி எழுதுபவர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையை எடுத்துக்கொள்வதே நல்லது.

முத்திரைக்குச் சாதகமாக, எந்த ஆய்வும் அளக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பேக்கரியில் ‘விதவுட்’ என்று குரல் கொடுத்துக் கேட்பது ஐம்பது வயதுக்காரருக்கு எளிது. அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது ஊருக்கே தெரியும். மாஸ்டர் அவர் முகத்தைப் பார்த்ததுமே விதவுட் போட்டுவிடுவார். இருபத்தெட்டு வயதுக்காரர் அதையே கேட்டால், பக்கத்தில் நிற்பவர், “என்னங் தம்பி, அதுக்குள்ள சக்கரை வந்துருச்சுங்களா?” என்று கேட்டுவிடுவார், அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமாக இருந்தால், அந்தக் கேள்வி பேக்கரி வாசலோடு நிற்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி, 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி என்றும், அதன் விளிம்பில் நிற்பவர்கள் 13.6 கோடி என்றும் சொன்னது. எச்சரிக்கை உண்மையில் யாருக்குத் தேவை என்றால் இந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான்; முதல் கூட்டத்தில் தெரிந்துகொண்டவர்களை மருத்துவர் ஏற்கெனவே எச்சரித்துவிட்டார். இந்த விளிம்புக்காரர்கள் எதையும் வாய்விட்டுச் சொல்லாமலே குறைந்த சர்க்கரையைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி வேண்டும். அச்சிட்ட பட்டியலில் ‘டீ’, ‘டீ, பாதிச் சர்க்கரை’ என்று இரண்டு வரிகள் இருந்தால், இரண்டாவதைக் கேட்பது நோயை ஒப்புக்கொள்வதாக இருக்காது, பட்டியலில் உள்ள ஒரு பொருளைக் கேட்பதாகவே இருக்கும்.

இந்தியாவில் இப்போது இருக்கும் விதி இதற்கு எவ்வளவு தூரம் வரும்? உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் வெளியிட்ட விதிகளின்படி, மத்திய உரிமம் பெற்ற அல்லது 10 இடங்களிலாவது கிளைகள் உள்ள உணவகங்கள், ஒவ்வொரு பண்டத்துக்கும் பரிமாறும் அளவையும் கலோரியையும் மெனுவில் காட்ட வேண்டும். 2022 ஜூலை முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஆண்டுக்கு 60 நாட்களுக்கும் குறைவாக நடக்கும் கடைகளுக்கும், விழாக்களில் சமைத்துப் போடுபவர்களுக்கும் விலக்கு உண்டு. ஆகவே கல்யாண மண்டபத்து இலையின் ஓரத்தில் வைக்கும் இரண்டு இனிப்புகளும், பந்தி முடிவில் வரும் ஐஸ்கிரீமும், பீடாவும் யார் கண்ணிலும் படாது. கலோரி மட்டும் காட்டுவதில் உள்ள குறை, அது எதிலிருந்து வந்த கலோரி என்று சொல்லாது என்பதே. சால்னாவோடு தின்ற பரோட்டாவும், கோப்பை நிறைய ஃபலூடாவும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். சர்க்கரையைக் குறைக்க நினைப்பவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. கிளைகள் பல உள்ள நிறுவனங்களின் சமையலறைகளில் செய்முறை ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது, கலோரிக்காக ஒவ்வொரு பொருளின் எடையும் எடுத்தாகிவிட்டது. அதே தாளிலிருந்து சர்க்கரைக் கிராமையும் தனியே எழுதச் சொல்வதில் கூடுதல் சுமை மிகக் குறைவு. பானங்களுக்கு 100 மில்லிக்கு இவ்வளவு என்றும், இனிப்புகளுக்கு ஒரு பரிமாறலுக்கு இவ்வளவு என்றும் இரண்டு அளவுகோல்களை வைத்துக்கொண்டு அவர்களிடமிருந்து தொடங்கலாம்.

ஒற்றைக் கடை பேக்கரிகள் மீது இதைச் சுமத்துவதை நான் ஆதரிக்கவில்லை. கிளாசுக்குக் கிளாஸ் மாறும் கையை வைத்துக்கொண்டு கிராமை அச்சிட்டால், அந்த அச்சே பொய்யாகிவிடும். அங்கே செய்ய வேண்டியது வேறு: சர்க்கரையை முன்கூட்டியே போடாமல், கேட்டுப் போடுவது. இப்போது பேசாமல் இருப்பவருக்கு முழுச் சர்க்கரை, குறைவாக வேண்டுபவர் வாய் திறக்க வேண்டும். இதைத் தலைகீழாக்கி, பேசாமல் இருப்பவருக்குப் பாதியும், கூட வேண்டுபவருக்குக் கேட்டால் கூடவும் என்று வைத்தால், எந்த முத்திரையும் இல்லாமலே கிளாசுக்கு 5 கிராம் குறையும். எங்கள் பக்கத்து வீடுகளில் விருந்தாளி வந்தால் “சக்கரை போடலாமுங்களா?” என்று கேட்ட பிறகே காபி கலக்கும் வழக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது, கடைக்கு மட்டும் அது இன்னும் வரவில்லை.

மேலே சொன்ன உரிமையாளரிடம் இந்த யோசனையைச் சொன்னேன். சர்க்கரை கிலோ 45 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிளாசுக்கு 5 கிராம் குறைவதில் மிச்சமாவது ஏறக்குறைய 22 காசு. நாளைக்குப் பல நூறு கிளாஸ் ஓடும் கடைக்கு அதுவும் ஒரு தொகைதான் என்று கணக்கும் போட்டுக் காட்டினேன். அவர் அந்தக் கணக்கில் மயங்கவில்லை. “அதில்லீங்க. சக்கரை தூக்கலா இருந்தா பாலு எப்பிடி இருந்தாலும் ஓடிருமுங்க. சக்கரையக் கொறச்சா, அப்பறம் பாலு திக்கா ஊத்தோணும், தூளும் நல்ல தூளாப் போடோணும். அதுக்கு ஆகற செலவச் சொல்லுங்க, பாக்கலாம்” என்றார். பால் விலையையும் தூள் விலையையும் வைத்து அந்தக் கணக்கைப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். கிளாசுக்கு எவ்வளவு கூடினால் அவர் ஒப்புக்கொள்வார் என்பது எனக்கு இப்போதே ஓரளவு தெரியும். அந்தக் கூடுதலை டீ விலையில் ஏற்றினால் திருப்பூர்க்காரர் ஒப்புக்கொள்வாரா என்பதைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.